ஆழ்ந்த இறங்கல்

நான் செத்துப்போன செய்தி காலை ஏழு பத்துக்கு எனக்கே வந்தது. அப்போது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு, ஒரு கையில் போனைப் பிடித்துப் படித்தேன்.

"நம்ம லிஃப்ட் காலையில ஆறு மணிக்குப் போயிடுச்சு. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே கிடந்தது. எட்டாவது மாடிக்காரங்கதான் பாவம்."

எழுதியவள் டோக்கன் அக்கா. எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். கட்டடத்து லிஃப்ட் விடிகாலையில் நின்றுபோனது உண்மைதான். காவலாளி ஆறரைக்கே எல்லா வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். அதை அக்கா கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட நினைத்து, கை தவறி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குரூப்பில் போட்டுவிட்டாள். அங்கே லிஃப்ட் என்றால் நான்.

முப்பத்தொரு வருஷம் ஸ்ட்ரெச்சர் லிஃப்டை ஓட்டியவன். என் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பெரிய டாக்டரிலிருந்து துப்புரவுக்காரர் வரைக்கும் எனக்கு லிஃப்ட் என்றுதான் பெயர். அதேபோல, வெளிநோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுத்தவள் டோக்கன் அக்கா. என்னைவிட மூன்று வயது சின்னவள், இருந்தும் எனக்கும் அக்காதான். எட்டாவது மாடியில் குடியிருப்பவனும் நானே. இத்தனையும் கூடி வந்தால் ஒரு மனிதன் சாகாமல் என்ன செய்வான்?

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நுரையைத் துப்பிவிட்டு, 'அக்கா, குரூப் மாறிப்போச்சு' என்று எழுதப் போனேன். மூன்று எழுத்து அடிப்பதற்குள் எக்ஸ்ரே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்.

எக்ஸ்ரே என்பவர் முப்பது வருஷம் எல்லோருடைய எலும்பையும் படம் பிடித்தவர். அவர் போட்ட மெழுகுவர்த்திப் படம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைச் செய்ததே நான். கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, கீழே வெள்ளை எழுத்தில் 'ஆழ்ந்த இறங்கல்'. பதினாலு மாசத்துக்கு முன்னால் ஒரு சாவுக்காக நான் செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் குரூப்பில் விழுந்த ஏழு சாவுக்கும் அதுதான் ஓடியது. இப்போது எனக்கே வந்திருக்கிறது.

எழுத வேண்டியது இரங்கல், சின்ன ர. நான் பெரிய ற போட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க மாடி ஏறி இறங்கினவனுக்குக் கை அங்கேதான் போகும்.

எழுதியதை அழித்துவிட்டுக் காத்திருந்தேன். ஏன் என்று கேட்டால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யார் யார் என்ன சொல்லுகிறார்கள் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

வந்தார்கள் ஐயா, வரிசை கட்டி வந்தார்கள். அரை மணி நேரத்தில் அறுபது மெழுகுவர்த்தி. நூற்றெண்பத்தாறு பேர் இருக்கிற குரூப்பில் மூன்றில் ஒரு பங்குப் பேர் காலை வணக்கப் பூவைப் போட்ட கையோடு எனக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றினார்கள். தலைமை நர்ஸ் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள்: 'எப்போதும் சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசாத குணம்.' அந்த அம்மாவும் நானும் பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசினதில்லை. ஸ்டோர் கீப்பர் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். ஓவென்று அழுகிறார், பின்னால் டிவியில் யாரோ கெக்கெக்கே என்று சிரிக்கிறார்கள். ஒருத்தர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார். நான் செத்தது நல்லது என்கிறாரா, செய்தி கிடைத்தது என்கிறாரா என்று தெரியவில்லை. இன்னொருத்தர் 'யார் இவர்?' என்று கேட்டிருந்தார். அவரோடு நான் போன வாரம்தான் முழங்கால் வலிக்கு என்ன தைலம் நல்லது என்று அரை மணி நேரம் எழுதிப் பேசியிருந்தேன்.

'போயிடுச்சு', 'கிடந்தது' என்று அக்கா எழுதியிருக்கிறாளே, ஒரு மனிதனை யாராவது அப்படிச் சொல்லுவார்களா என்று ஒரு ஜீவனுக்கும் உறைக்கவில்லை. என்னை அஃறிணையாக ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

என் மனைவி சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். போனை வாங்கிப் படித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"உடனே எழுதுங்க, இது தப்புன்னு."

"இரு இரு. இன்னும் நூத்திச் சொச்சம் பேர் பாக்கி."

"பொணமாக் கிடந்து வேடிக்கை பாக்க அவ்வளவு ஆசையா? யாராவது நெஜம்னு நம்பி ஓடி வந்தா?"

"யாரு வருவா? எல்லாம் உக்காந்த இடத்துலயே அழுதுடுவாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது உங்களுக்குத் தெரியாதா என்ன" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

எங்கே குத்துகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஏணியைத்தான் சொல்லுகிறாள்.

ஏணி ஆஸ்பத்திரியின் எலெக்ட்ரீஷியன். தோளில் ஏணி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. நோயாளியை மேலே ஏற்றுவது எனக்கு ஒன்றுமில்லை. இறந்தவர்களைக் கீழ்த்தளத்துப் பிணவறைக்கு இறக்குவதுதான் ஆகாது. பேய் பிசாசு என்றெல்லாம் இல்லை. கதவு திறந்ததும் அந்த நீள வராந்தாவின் அமைதிதான் பயம். ஒருநாள் நான் பொத்தானை அமுக்காமல் நிற்பதை ஏணி பார்த்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. ஏணியைச் சாய்த்து உள்ளே நுழைத்து, "கீழ பல்பு போயிருக்கு, நானும் வர்றேன்" என்றான். அதற்குப் பிறகு நான்கு வருஷம் அந்த பல்பு தினமும் போயிருந்தது. என் பயம் போன பிறகும், எங்கே இருந்தாலும் ஓடி வந்து ஏறிக்கொள்வான். எனக்குப் பயம் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் மனைவி பதினாலு மாசத்துக்கு முன்னால் இறந்தாள். இரண்டே பஸ் நிறுத்தம் தள்ளித்தான் வீடு. அன்றைக்கு மழை, எனக்கு முழங்கால் வலி. நான் போகவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்து அந்த மெழுகுவர்த்தியைச் செய்து குரூப்பில் போட்டேன். முதல் ஆளாகப் போட்டேன் என்று அப்போது பெருமை வேறு. என் மனைவி மட்டும் ஆட்டோ பிடித்துப் போய்வந்தாள். "அவர் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார்" என்றாள். "குரூப்ல போட்டுட்டேனே" என்றேன்.

அன்று மாலை ஏணி குரூப்பில் இரண்டே சொல் எழுதினான்: 'இறங்கல் அல்ல.' அடுத்த நிமிஷம் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டான். எனக்கு வந்ததே கோபம்! பெண்டாட்டி செத்த அன்றைக்கு உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்கிறானே, அதுவும் அத்தனை பேருக்கு முன்னால் என் மானத்தை வாங்குகிறானே என்று குதித்தேன். அவன் போனால் போகட்டும், இத்தனை பேர் இருக்க ஒருத்தன் எதற்கு என்றும் சொன்னேன். நான் மாடியை விட்டு இறங்கி வராததுதான் பிழை, எழுத்தில் இல்லை என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நான் புரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் சரி.

எட்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. திரையில் 'ஏணி' என்று வந்தது.

பதினாலு மாசத்துக்குப் பிறகு முதல் தடவை. எக்ஸ்ரே சொல்லியிருப்பார் என்று ஊகித்தேன். எடுத்திருக்கலாம். 'டேய், நான்தாண்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் எடுக்கவில்லை. இப்போதாவது வந்தாயா, கொஞ்சம் தவி, அப்போதுதான் என் அருமை தெரியும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு தடவை அடித்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதேகாலுக்கு எனக்கே இந்த விளையாட்டு அலுத்துவிட்டது. குரூப்பில் எழுதினேன்: 'நான் சாகவில்லை.'

பதில் உடனே வந்தது. தலைமை நர்ஸ்: 'உண்மை. நீங்கள் என்றும் எங்கள் நெஞ்சங்களில் வாழ்கிறீர்கள்.' அதற்கு இருபது பேர் கும்பிடு போட்டார்கள். எக்ஸ்ரே எழுதினார்: 'அப்பா போனிலிருந்து எழுதுவது மகனா? மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் தம்பி.' அதற்குக் கீழேயே இன்னும் நான்கு மெழுகுவர்த்தி.

இரண்டே சொல். அதைக்கூட ஒருத்தரும் படிக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று நானே வந்து கத்தினாலும் இவர்கள் காதில் விழாது. ஏணிக்குப் போன் போடலாம் என்று தேடினேன். அப்போதுதான் வெளியே கேட்டது.

குப்பையைக் கீழே போட்டுவிட்டுக் காய்கறி வாங்க என் மனைவி படியில் இறங்கியிருந்தாள். "ஏங்க! ஏங்க!" என்று அவள் அலறியது கட்டடம் முழுக்க எதிரொலித்தது. முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை, ஓடினேன்.

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஏணி உட்கார்ந்திருந்தான். முதுகைச் சுவரில் சாய்த்திருந்தான். சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. ஒரு செருப்பு இரண்டு படி கீழே கிடந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தக்குழாய் அடைப்புக்காக அவன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாடியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான்தான்.

என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் கையை உயர்த்தி என் கன்னத்தைத் தொட்டான். அடிக்கத்தான் கையை ஓங்கினான் என்று நினைக்கிறேன். அதற்குப் பலம் இல்லை.

"இருக்கியா?"

"இருக்கேன்டா. இருக்கேன். பேசாத."

"போன் போட்டேன். எடுக்கல. சரி, போயிட்டான்னு..." மூச்சு வாங்கினான். "கீழ வந்தா லிஃப்ட் இல்லங்கறான். எட்டு மாடி, உன்னை எப்படி இறக்குவாங்க? தூக்க ஆள் வேணுமே."

"பேசாதடா."

"உனக்குத் தனியா எறங்கப் பயமாச்சே" என்றான்.

அவ்வளவுதான் அவன் பேசினது.

என் மனைவி ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். நான் குரூப்பைத் திறந்து எழுதினேன்: 'எங்கள் கட்டடம், ஆறாவது மாடிப் படி, நெஞ்சு வலி, தூக்க ஆள் வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் ஓடி வாருங்கள்.' குரூப்பில் எட்டுப் பேர் இதே தெருவில் இருக்கிறார்கள். பழக்க தோஷம், வேறென்ன சொல்ல? பக்கத்துக் கதவைத் தட்ட வேண்டும் என்று அந்த நேரத்தில்கூட எனக்குத் தோன்றவில்லை. டிங் என்று பதில் வந்தது. மெழுகுவர்த்தி.

கதவைத் தட்டியவள் என் மனைவி. ஐந்தாவது மாடி வீட்டிலிருந்து பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தர் வந்தார். ஒன்பது வருஷமாக ஒரே கட்டடம், அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்தார். நடக்க முடியாதவரை நாற்காலியில் வைத்து இறக்குவது எனக்குப் பழகின வேலை. தலைமாட்டில் பலசாலி, கால்மாட்டில் விஷயம் தெரிந்தவன். நான் கால்மாட்டில் பின்புறமாக இறங்கினேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். என் மனைவி ஏணியின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"அஞ்சு... நாலு..." என்று மாடியைச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். அவன் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேராக இருந்தன. என் சட்டைப் பையில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே வந்தது. எனக்காக அழுகிறார்கள். அதை எடுத்து எறியவும் கை இல்லை.

மூன்றாவது மாடியில் அவன் கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பார்த்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. இருந்தும் "ரெண்டு... ஒண்ணு..." என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். கீழே ஆம்புலன்ஸில் வந்த பெண் அவன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், நெஞ்சை அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள். அப்புறம் என் மனைவியைத் திரும்பிப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். சோப்பு காய்ந்த முகத்தோடு அந்த மனிதர் படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

நாங்கள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். ஏணிக்கு ஒரே மகள், வெளியூரில் இருக்கிறாள். அவளுக்கு நானே போன் போட்டேன்.

"மாமா? நீங்களா? நீங்க... அப்பா உங்க சாவுக்குத்தானே போறேன்னாரு?"

என்ன சொன்னேன் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை. போனை என் மனைவி வாங்கிக்கொண்டாள்.

சிறிது நேரம் கழித்து அவள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது குரூப் திறந்திருந்தது. டோக்கன் அக்கா பல் டாக்டரிடம் போயிருந்தாளாம், வெளியே வந்து பார்த்திருக்கிறாள். 'ஐயோ, நான் சொன்னது கட்டடத்து லிஃப்டை! நம்ம ஆள் கல்லு மாதிரி இருக்கார்!' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கைதட்டல், பலூன், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகங்கள். எக்ஸ்ரே எழுதியிருந்தார்: 'நூறு வயது இருப்பார்!' என் உதவிச் செய்தி ரொம்ப மேலே, மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் எங்கேயோ கிடந்தது.

நான் எழுதினேன்: 'ஏணி இறந்துவிட்டான்.'

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பலூன்களுக்குக் கீழே வந்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் மெழுகுவர்த்தி, நான் போட்ட அதே பெரிய ற.

போனை மனைவி கையில் கொடுத்துவிட்டேன்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிற ஊழியர் வந்து, "கீழ கொண்டுபோகணும். கூட ஒருத்தர் வரணும், யாரு வர்றீங்க?" என்றார்.

"நான் வர்றேன்."

லிஃப்ட் புதுசு. இப்போது யாரும் ஓட்ட வேண்டாம், அதுவே ஓடுகிறது. பழக்கத்தில் நான் பலகைப் பக்கம் போய் நின்று கீழ்த்தளத்துப் பொத்தானை அமுக்கினேன். இறந்தவர்களை இறக்கும்போது நான் நடுவில் எந்த மாடியிலும் நிறுத்தியதில்லை. இது நின்றது. முதல் மாடியில் கதவு திறந்தது, போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் ஏற வந்தார்கள். "அடுத்ததுல வாங்க" என்றேன். என் பழைய குரல் அப்படியே வந்தது. அவர்கள் தலை நிமிர்ந்து, ஸ்ட்ரெச்சரைப் பார்த்துப் பின்வாங்கினார்கள்.

ஏணியின் கையை எடுத்துத் துணிக்குள் வைத்தேன். இன்னும் சூடு இருந்தது.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. அந்த நீள வராந்தாவில் எல்லா பல்பும் எரிந்துகொண்டிருந்தன. எனக்குப் பயமாக இருந்தது.